மாத்திரையை நிறுத்தச் சொன்ன வாய்

நீ என் நோயை விற்கிறாய். வீட்டில் வைத்துப் பேசினால் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறாய். நானும் மறுநாள் என்ன பேசினோம் என்பதை மறந்துவிடுகிறேன். இரண்டும் உனக்கு வசதியாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். என் முகத்தை வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் போட்டவன் நீ, அதற்கு நான் எழுதும் கடிதத்தையும் ஊரே படிக்கட்டும். விடிந்ததிலிருந்து பத்து மணி வரைக்கும் என் தலை தெளிவாக இருக்கிறது. நான்கு நாளாக அந்த நேரத்தில் மட்டும் எழுதுகிறேன். முந்தின நாள் எழுதியதை உன் அம்மா காலையில் படித்துக் காட்டுகிறாள், விட்ட இடத்தில் பிடித்துக்கொள்கிறேன். மறதிக்காரன் ஏதோ உளறுகிறான் என்று தள்ளிவிடாதே. மறக்காத ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த வீடியோவிலிருந்து ஆரம்பிக்கிறேன். செங்கம் ரோட்டில் நீ நடத்துகிற ஆயுர்வேத நிலையத்தின் முன்னறையில், வெள்ளை வேட்டி கட்டி விபூதி பூசி என்னை உட்கார வைத்தாய். வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றவர் ஒரே மண்டலத்தில், நாற்பத்தெட்டே நாளில், மீண்டு வந்தார் என்று கீழே எழுத்து ஓடுகிறது. "அப்பா, நீங்க கண்டக்டரா போன ரூட்ட சொல்லுங்க" என்கிறாய். நான் மூச்சு விடாமல் சொல்கிறேன். திருவண்ணாமலை, சோமாசிபாடி, கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம். நடுவில் உள்ள கூட்ரோடு, காலனி, ரைஸ் மில் எல்லாவற்றையும், எந்த நிறுத்தத்தில் எந்தப் பக்கம் நிழல் விழும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கடைசியில் "என் பேரு இன்னாப்பா?" என்று கேட்கிறாய். உன் பெயரைச் சொல்கிறேன். நீ கண்ணைத் துடைத்துக்கொள்கிறாய். பார்த்தவர்கள் எல்லோரும் துடைத்துக்கொண்டார்கள் என்று சொன்னாய்.

முப்பது வருஷம் தினமும் நான் கத்திய ஊர்ப்பெயர்கள் அவை. ஒரு நாளும் அவை என்னை விட்டுப் போனதில்லை. போனதெல்லாம் வேறு. காலையில் சாப்பிட்டது போனது. சைக்கிளை நிறுத்திய இடம் போனது. பக்கத்து வீட்டுக்காரர் செத்துப்போன செய்தி போய், அவர் வீட்டு வாசலில் நின்று அவரையே பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அந்த வீடியோ எடுத்த அன்றைக்கு முதலில் நீ கேட்ட கேள்வி, "காலைல இன்னா சாப்டீங்க?" என்பது. மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அதை வெட்டி எறிந்துவிட்டு ரூட்டைக் கேட்டாய். போகாத ஒன்றைத் திரும்பி வந்ததாகக் காட்டினாய். கூத்தில் தலை வெட்டுகிற மாதிரி. வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை.

என் மறதி எப்போது ஆரம்பித்தது என்று எனக்கே தெரியும். ஒரு பௌர்ணமி, கிரிவலம். மத்தியானமே நடக்க ஆரம்பித்துவிட்டேன். அடி அண்ணாமலை தாண்டி ஒரு கடையில் டீ குடித்தேன். எழுந்து நடந்தால் ஜனம் மொத்தமும் எனக்கு எதிரே வருகிறது. இத்தனை பேருக்கும் புத்தி கெட்டுப்போய்விட்டதா, மலையை இடமாகச் சுற்றுகிறார்களே என்று நினைத்து ஒருத்தரை நிறுத்தித் திட்டவும் செய்தேன். "யோவ் பெருசு, நீதான்யா ராங் சைடு" என்றான். சர்பத் விற்கிற ஒரு பாய் வந்து என் தோளைப் பிடித்து, வண்டியைத் திருப்புகிற மாதிரி என்னைத் திருப்பிவிட்டார். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை. நீயும் சிரிக்கவில்லை. அன்றைக்கு நீ பயந்தாய். அந்தப் பயம் உண்மையானது, அதை நான் சந்தேகப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்மகிட்டயே மருந்து இருக்குதுப்பா, நான் பாத்துக்கறேன்" என்றாய்.

மருந்தைப் பற்றி நியாயமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அதன்மேல் எனக்கு வழக்கு இல்லை. காலையில் வெறும் வயிற்றில் வல்லாரை போட்டுக் காய்ச்சிய நெய். நீர்ப்பிரமிச் சாறு, நாக்கில் வைத்தால் வேப்பிலை தேவலை என்று தோன்றும். வாரத்தில் மூன்று நாள் மரக்கட்டிலில் படுக்க வைத்து, நெற்றியில் நூல் மாதிரி இளஞ்சூட்டுத் தைலத்தை விடுவார்கள். ராத்திரி உள்ளங்காலில் எண்ணெய். புளி கிடையாது, கத்தரிக்காய் கிடையாது, கறி மீன் கிடையாது, பகலில் தூக்கம் கிடையாது. பத்து நாளில் எனக்குத் தூக்கம் வந்தது. வருஷக்கணக்கில் டூட்டி மாறி மாறிக் கெட்டுப்போன தூக்கம் அது. எதற்கெடுத்தாலும் கத்துகிற புத்தி கம்மி ஆனது. உன் அம்மாவும் நிம்மதியாகத் தூங்கினாள். இதெல்லாம் நடந்தது, இல்லை என்று சொன்னால் நானும் உன் மாதிரி ஆகிவிடுவேன்.

அப்போது உன் நிலையத்தில் ஒரு டாக்டரம்மா இருந்தாள், ஆயுர்வேதம் படித்துப் பட்டம் வாங்கிய பெண். அவள் என்னிடம் ஒருநாள், நாடி பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சார், மூளைக்கு வயசாகறத கொஞ்சம் மெதுவாக்கலாம்னு எங்க சாஸ்திரம் சொல்லுது. தூக்கம், சாப்பாடு, மனசு, இத சரி பண்ணலாம். போனத நான் இழுத்துட்டு வர முடியாது. அப்படி யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, நானே சொன்னாலும் நம்பாதீங்க." நான், "பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டேன் டாக்டர், பத்தியம் எழுதின காகிதத்துல இங்கிலீஷ் மருந்து கூடாதுன்னு போட்டிருந்தது" என்றேன். அவள் கை என் மணிக்கட்டிலேயே நின்றுவிட்டது. "எந்தக் காகிதம்?" என்றாள். நீ அச்சடித்த காகிதம். அவளிடம் காட்டாமல் அச்சடித்தது. அன்று சாயங்காலம் உங்கள் இரண்டு பேருக்கும் நடந்த சண்டையை உன் அம்மா வராந்தாவில் நின்று கேட்டிருக்கிறாள். "உங்கப்பா தூங்கறாரு, அது உண்மை. அத மட்டும் போடுங்க" என்று அவள் சொல்ல, "தூக்கத்துக்கு எவன், டாக்டர், பஸ் ஏறி வருவான்?" என்று நீ கேட்டிருக்கிறாய். அடுத்த வாரம் அவள் நிலையத்தில் இல்லை. உன் வாசல் போர்டில் அவள் பெயரும் படிப்பும் மட்டும் இன்னும் இருக்கின்றன.

அவள் சொன்ன பிறகாவது நான் மாத்திரையை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. உன்மேல் நம்பிக்கை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், இன்னும் கொஞ்ச நாள்தானே, மண்டலத்தை நடுவில் உடைத்தால் தெய்வக்குத்தம் மாதிரி ஏதோ ஒன்று என்று பயந்தேன். சபரிமலைக்கு மாலை போட்டவன் மாதிரி நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பதாவது நாளோ என்னவோ, காலையில் டம்ளரை எடுக்கப் போனால் வலது கை வரவில்லை. வாய் கோணிக்கொண்டு பேச்சு குழறியது. அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. நீ வந்து பார்த்துவிட்டு, "உள்ள இருக்கற கழிவெல்லாம் வெளியேறுதுப்பா, நல்ல அறிகுறி" என்றாய். வாய் கோணுவதை நல்ல அறிகுறி என்று சொன்னாய். எட்டு நாள் கழித்து வீடியோ எடுத்தாய். அதற்கும் ஒரு மாதம் கழித்து உன் அம்மா உன்னிடம் கேட்காமல் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். தலையைப் படம் எடுத்தார்கள். மூளையில் அங்கங்கே சின்னச் சின்னதாக ரத்தம் அடைத்த இடங்கள். பழையது எது, அந்த நாற்பத்தெட்டு நாளில் வந்தது எது என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். "பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரு?" என்று கேட்டார். "நானேதான் சார் நிறுத்தினேன்" என்றேன். உன்னைக் காப்பாற்றச் சொன்ன முதல் பொய். அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே வேண்டாம்.

அடுத்த பொய்யைச் சொல்வதற்கு முன் அந்தக் காகிதத்தைப் பற்றி ஒன்று. மறுபடி மாத்திரை போட ஆரம்பித்த பிறகும் தைலத்துக்காக உன் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் மேஜைமேல் இரண்டு கட்டுக் காகிதம் இருந்தது. ஒன்று தமிழ். இன்னொன்று இங்கிலீஷ், வெளிநாட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்குவது. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், கண்டக்டர் பரீட்சையும் எழுதினவன், மெதுவாகப் படித்தால் இங்கிலீஷ் புரியும். இங்கிலீஷ் காகிதத்தில் என்ன போட்டிருக்கிறாய் தெரியுமா? உங்கள் டாக்டர் கொடுத்த மாத்திரைகளை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம் என்று, தடித்த எழுத்தில். தமிழ்க் காகிதத்தில், மண்டலம் முடியும்வரை இங்கிலீஷ் மருந்து கூடாது, மீறினால் நிலையம் பொறுப்பல்ல. ஒரே எண்ணெய், ஒரே கட்டில், ஒரே நெற்றி. வெள்ளைக்காரன் செத்தால் தூதரகத்திலிருந்து ஆள் வருவான். சோமாசிபாடிக்காரன் செத்தால் விதி என்று சொல்லி மொட்டை அடித்துக்கொண்டு போவார்கள். இதைக் கணக்குப் போட்டுத்தானே இரண்டு காகிதம் அடித்தாய்? உன்னிடம் கேட்டேன். "மாத்திரையும் சாப்ட்டு நம்ம மருந்தும் சாப்ட்டா, நல்லானதும் மாத்திரையாலதான்னு சொல்லிடுவாங்கப்பா" என்றாய். எவ்வளவு சுலபமாகச் சொன்னாய். அவர்கள் நல்லாவது உனக்கு முக்கியமில்லை, பெயர் யாருக்குப் போகிறது என்பதுதான் முக்கியம்.

இப்போது இரண்டாவது பொய். இது என்னுடையது. உன் காகிதம் செய்ததைவிட இது மோசம். எனக்கு இது ஞாபகத்தில் இல்லை, என் நோட்டில் இருக்கிறது. சட்டைப்பையில் வைத்திருக்கும் சின்ன நோட்டில், என் கையெழுத்தில், பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன். உன் நிலையத்தில் தைலத்துக்காகக் காத்திருந்தபோது ஒரு பெண்பிள்ளை வந்திருக்கிறாள். உன் அம்மா அந்த நேரம் மளிகைக் கடைக்குப் போயிருந்தாள். "கண்டக்டர் அண்ணா! என்னத் தெரியலியா? கீழ்பென்னாத்தூர்ல பால் கேனோட ஏறுவேனே, படியில வெக்காதன்னு தெனமும் திட்டுவீங்களே!" என்று கேட்டிருக்கிறாள். புருஷனுக்காக வந்தவள். மணிலா, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிற ஆள் அவர். கொஞ்ச நாளாகக் களை எடுத்த இடத்திலேயே திரும்பவும் எடுக்கிறார், போன வாரம் பெண்டாட்டியைப் பார்த்து நீ யார் என்று கேட்டிருக்கிறார். "பிரஷரு ஜாஸ்திணா அவருக்கு. மாத்திரைய நிறுத்தணும்னு இங்க காகிதம் குடுத்திருக்காங்க, எனக்கு பயமா இருக்குது. வீடியோல நீங்கன்னு பாத்ததாலதான் வந்தேன். வேற ஆளுன்னா வந்திருக்கமாட்டேன். நீங்க நிறுத்தினீங்களாணா?"

என் பதிலையும் எழுதி வைத்திருக்கிறேன். "நிறுத்தினேன்மா. இதோ நல்லாத்தானே இருக்கேன். பயப்படாத." அடியில் ஒரு வரி: ஏன் இப்படிச் சொன்னேன்? அதற்குப் பதில் அன்றைக்கு எழுதவில்லை, இன்றைக்கு எழுதுகிறேன். இரண்டு வருஷமாக என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் குழந்தையிடம் பேசுகிற மாதிரி பேசுகிறார்கள். அவள் ஒருத்திதான் என்னைக் கண்டக்டராகப் பார்த்தாள். படியில் நிற்காதே என்றால் கேட்கிற முகம். அந்த முகத்துக்கு முன்னால், எனக்கு ஒன்றும் சரியாகவில்லையம்மா, மாத்திரையைத் திரும்பவும் போடுகிறேன், நேற்று என்ன நடந்தது என்றே எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நீ சொல்லிக்கொடுத்த வசனம்தான் வந்தது. என் மானத்துக்கு ஒரு ஆளின் மாத்திரையைப் பலி கொடுத்துவிட்டேன். மகனே, பொய் சொல்ல உனக்கு நான்தான் வழி காட்டிக்கொடுத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பஸ்ஸில் டிக்கெட் செக்கிங் வந்தபோதெல்லாம் வீட்டில் வந்து எப்படிச் சமாளித்தேன் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னது நான். நீ பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

அந்த நோட்டில் அவள் ஊர் இருக்கிறது, கேன் இருக்கிறது, புருஷனின் மணிலா இருக்கிறது. பெயர் இல்லை. முப்பது வருஷத்தில் நான் எந்தப் பயணியிடமும் பெயர் கேட்டதில்லை. ஊரைத்தான் கேட்பேன். எனக்கு மனுஷர்கள் எல்லாம் நிறுத்தங்கள். கீழ்பென்னாத்தூர் பால்காரம்மா, செஞ்சி வாத்தியார், கூட்ரோடு டெய்லர். அது போதும் என்று இருந்தேன். இப்போது போதவில்லை.

நோட்டைப் படித்த அன்றே கிளம்பினேன். உன் அம்மா குளிக்கப் போன நேரம், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். வழியில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. கீழ்பென்னாத்தூரில் சரியாக இறங்கினேன். இறங்கிய பிறகு எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. நோட்டு முந்தின நாள் போட்ட சட்டையில் இருந்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் வெயிலில் நின்றுகொண்டு, வருகிற வண்டிக்கெல்லாம் போர்டு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு இளவட்டக் கண்டக்டர் அடையாளம் கண்டு, "சார், நீங்க வீடியோல வந்தவருதானே? சூப்பரா ரூட்டு சொன்னீங்களே, இங்க ஏன் நிக்கிறீங்க?" என்றான். முன் சீட்டில் உட்கார வைத்து, டிக்கெட் வேண்டாம் என்று சொல்லி, கொண்டுவந்து இறக்கிவிட்டான். மறுநாள் உன் அம்மாவும் நானும் சேர்ந்து போனோம். பால் சொசைட்டியில் கேட்டோம், மருந்துக் கடையில் கேட்டோம், டீக்கடையில் கேட்டோம். "சுத்துப்பட்டு ஊருலருந்தெல்லாம் இங்கதாங்க வந்து ஏறுவாங்க, பேரு சொன்னாத்தான் தெரியும்" என்றார்கள். பால் கேன் வைத்திருந்த ஒவ்வொரு பெண்ணையும் நிறுத்தினேன். ஒருத்தி பயந்தே போய்விட்டாள். உன் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

அந்தப் பால்காரம்மாவின் பெயரும் போன் நம்பரும் உன் ரிஜிஸ்டரில் இருக்கின்றன. உன் அம்மா கேட்டதற்கு என்ன சொன்னாய்? "பேஷன்ட் விவரத்தை வெளியில சொல்லக்கூடாதும்மா, தப்பு." அப்பன் வாய் கோணினதை ஒளித்து, அவன் முகத்தை ஊருக்குக் காட்டியவனுக்கு இப்போது விவரம் காக்கிற ஒழுக்கம் வந்துவிட்டது. "நீயே போன் பண்ணி மாத்திரைய போடச் சொல்லுடா, பேர நாங்க கேக்கல" என்றாள். "அவங்க கையெழுத்து போட்டுத்தான் ஆரம்பிச்சிருக்காங்க. பாதியில நிறுத்தச் சொன்னா நம்ம பேரு இன்னாத்துக்கு ஆகும்? கெளை தெறக்கற நேரம் இது" என்றாய். அப்போது உன் அம்மா சொன்னது உனக்கு உறைத்ததா என்று தெரியவில்லை: "உங்கப்பா சொன்ன பொய்ய அவரு மறந்துடுவாரு. நீ எப்படிடா மறப்ப?"

கிளை திறப்பு வருகிற பௌர்ணமி. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே, நடக்கிற ஜனம் மொத்தமும் பார்க்கிற மாதிரி. அழைப்பிதழில் என் போட்டோ. நான் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும், மைக்கில் ரூட் சொல்ல வேண்டும். வருகிறேன். சொல்கிறேன். திருவண்ணாமலையில் ஆரம்பித்து, சோமாசிபாடி சொல்லி, கீழ்பென்னாத்தூர் வந்ததும் நிறுத்தி, இங்கே ஒரு அம்மா ஏறினாள், அவளிடம் நான் பொய் சொன்னேன் என்று மைக்கிலேயே சொல்வேன். அன்றைக்கு ஞாபகம் இருந்தால் சொல்வேன். இருக்காது என்று நீ தைரியமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். சட்டைப்பையில் இந்தக் கடிதத்தின் ஒரு பிரதி இருக்கும். எந்தச் சட்டை போட்டாலும் அதில் ஒன்று இருக்கும்படி உன் அம்மா எல்லாச் சட்டையிலும் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் பௌர்ணமிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. நோட்டில் உள்ள நாளிலிருந்து இன்றைக்கு ஒன்பதாவது நாள். ஒன்பது நாளாக ஒரு ஆள், பிரஷர் ஜாஸ்தி உள்ள ஆள், நான் பயப்படாதே என்று சொன்னதால் மாத்திரை இல்லாமல் மணிலாக் கொல்லையில் குனிந்து நிமிர்ந்துகொண்டிருக்கிறார். ஒருநாள் காலையில் அவருக்கு டம்ளர் எடுக்க கை வராது. அரை மணி நேரத்தில் சரியாகாமலும் போகலாம். அந்த அம்மா அதை நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஏனென்றால் நீ அப்படித்தான் சொல்லி வைத்திருப்பாய். கிளையைத் திற, திறக்காதே. வீடியோவை எடு, எடுக்காதே. அதையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம், நான் மறந்தாலும் உன் அம்மா பேசுவாள். எனக்கு இப்போது வேண்டியது ஒன்றுதான். அதை நேற்றுக் காலை உன்னிடம் கேட்டேனாம். முந்தாநாளும் கேட்டேனாம். இரண்டு தடவையும் நீ ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தாயாம்.

வீடியோவில் எல்லோரும் பார்க்க நீ என்னிடம் உன் பெயரைக் கேட்டாய். எத்தனையோ போய்விட்ட இந்தத் தலையில் தேடி எடுத்து, நான் பதில் சொன்னேன். இப்போது எல்லோரும் படிக்க நான் உன்னிடம் கேட்கிறேன். உனக்குத் தலையில் தேட வேண்டிய வேலைகூட இல்லை, ரிஜிஸ்டரைத் திறந்தால் போதும்.

அந்த அம்மாவின் பெயர் என்ன?